பர்மா தேக்குச் சிறை

"என்னை ஆறு மாதம் உள்ளே போடட்டும், நானும் ஒரு காவியத்தோடு வெளியே வருகிறேன்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சீமைக்காரர்களுக்குச் சிறை ராசியானது. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் 1953-ல் கல்லக்குடிப் போராட்டத்தில் உள்ளே போனார், 'மாங்கனி' பிறந்தது. வெளியூர்க் கணக்கும் அப்படித்தான். கோவையில் செக்கிழுத்த வ.உ.சி. சிறைவாசத்திலேயே ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார். ராஜாஜி 1921 கடைசியில் வேலூர்ச் சிறைக்குப் போய், இருந்த மூன்று மாதமும் நாட்குறிப்பு எழுதினார். எனக்குத்தான் யாரும் கைவிலங்கு பூட்டவில்லை.

போன வருஷம் பூட்டினார்கள். காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு மராமத்து. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். "தம்பி, நீதானே எழுதுறவன். வேலையாட்களைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா எழுது" என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ஒரு மாதம். அப்பீல் இல்லை.

முதல் நாள் வளவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஆத்தங்குடிக் கல் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வரி எழுதினேன், அடித்தேன். கம்பி எண்ணுவது என்பது வெறும் பேச்சுவழக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முகப்பு ஜன்னலில் பதினொரு கம்பி. மூன்றாவது கொஞ்சம் வளைந்தது. எந்தத் தாத்தா தலையை விட்டுப் பார்த்தாரோ! மறுநாளும் எண்ணினேன். பதினொன்றுதான்.

காலையில் கொத்தனார் வந்து என்னை எண்ணிக்கை எடுப்பார். பத்து மணிக்கு டீ. மத்தியானம் மெஸ் சாப்பாடு. களியைக் குறை சொல்கிறவர்கள் அந்த மோர்க்குழம்பைச் சாப்பிட்டதில்லை. ஆறு மணிக்கு ஆட்கள் போனதும் நானே என்னை லாக்கப் செய்துகொள்வேன். செவ்வாய்க்கிழமை மனு நாள்: எதிர்வீட்டு ஆச்சி தூக்குவாளியில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து, "இளைச்சுட்டியே தம்பி" என்பார். அந்த மாதத்தில் நான் நாலு கிலோ ஏறியிருந்தேன். காவியம்? தலைப்பு மட்டும் மூன்று வைத்தேன்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் முழ நீளச் சாவியை நிலைக்கதவில் விட்டுத் திருகினேன். பாதி என் கையில், பாதி பூட்டுக்குள். பின்கட்டு வாசலைச் சாரம் கட்டி அடைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்டேன்.

பயத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. சிறுவயலில் பிறந்த சின்ன அண்ணாமலை ஞாபகத்துக்கு வந்தார். 1942 ஆகஸ்டில் அவரைத் திருவாடானைச் சிறையில் அடைத்தார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டு போய்ச் சிறையை உடைத்து ஆளை மீட்டுவிட்டார்கள்! பிற்பாடு அவர் தம் நினைவுகளைப் புத்தகமாக்கியபோது வைத்த பெயர் 'சொன்னால் நம்பமாட்டீர்கள்'. வேறு என்ன பெயர் வைப்பார்?

ஜன்னலில் நின்று குரல் கொடுத்தேன். எனக்கும் ஜனங்கள் திரண்டார்கள்: கொத்தனார், சித்தாள், பால்காரர், எதிர்வீட்டு ஆச்சி. கொத்தனார் கடப்பாரையை ஓங்கினார்.

"நிறுத்துப்பா!" என்றார் ஆச்சி. "பர்மா தேக்கு. இன்னைக்கு யார் செஞ்சு குடுப்பா? பூட்டு ரிப்பேர்காரன் மதுரையிலேருந்து நாளைக்கு வரட்டும். தம்பிக்கு உள்ளே என்ன குறைச்சல்?"

யாரும் மறுத்துப் பேசவில்லை, நான் உட்பட. வளைந்திருந்த மூன்றாவது கம்பியின் இடுக்கு வழியாக ஒவ்வொரு பணியாரமாக உள்ளே வந்தது.