‘அனான்’ என்றோர் அவசரம்

ஆங்கில இலக்கியம் படித்த எங்கள் தலைமுறைக்கு ஒரு வியாதி இருந்தது, உங்களுக்கும் இருந்திருக்கலாம்: ஷேக்ஸ்பியரில் அகப்பட்ட பழஞ்சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடுதிச் சாப்பாட்டு வரிசை வரைக்கும் இழுத்து வருவது. எனக்கு வாய்த்தது ‘அனான்’. ஆதியில் ‘இந்தக் கணமே’ என்று பொருள்பட்ட வினையடை; சொன்னவர்கள் எவரும் அந்தக் கணமே வந்து நிற்காததால், ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்று தேய்ந்துபோனது. ‘சூன்’, ‘பிரசன்ட்லி’ எல்லாமே ஒரு காலத்தில் ‘உடனே’தானாம், ஆங்கிலேயரின் சோம்பலுக்குத்தான் எத்தனை சொற்கள் பலி!

‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில், லண்டன் ஈஸ்ட்சீப் மதுக்கடையில், இளவரசன் ஹால் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்க, பக்கத்து அறையிலிருந்து பாயின்ஸ் ஓயாமல் கூப்பிட, நடுவில் மாட்டிய பிரான்சிஸ் என்ற பரிமாறும் பையன் ‘அனான், அனான்’ என்று கத்திக்கத்தி, கடைசியில் இருவரும் ஒருசேரக் கூப்பிட்டதும் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் திகைத்து நிற்பான். அதைப் படித்த பிறகு, காபி கிளப்பில் ஆளே தெரியாமல் ‘இதோ வந்துட்டேன் சார்!’ என்று மிதந்துவரும் குரலுக்காகவே காத்திருந்திருக்கிறேன். காபி ஆறியே வந்தாலும் அந்தக் குரலில் சூடு இருந்தது. மாடத்தில் காதலனை விட்டுப் போக மனமில்லாத ஜூலியட்டும், உள்ளேயிருந்து அழைக்கும் தாதிக்கு அதே சொல்லைத்தான் வீசுவாள்.

இத்தனை படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அப்பாவுக்குப் போட்ட கடிதத்தில், பணம் ‘அனான்’ தேவை என்று எழுதினேன். மணியார்டர் அச்சொல்லின் இரண்டாம் பொருளில் வந்து சேர்ந்தது.

அது ஷேக்ஸ்பியரில் எங்கெங்கே வருகிறதென்று பார்க்க, பார்ட்லெட் 1894இல் வெளியிட்ட தலையணைச் சொல்லடைவைப் புரட்டப் போய், வழியில் வேறு ஏதேதோ சொற்களிடம் மயங்கி, நூலகர் விளக்கணைக்கும்வரை போன காரியத்தை மறந்து உட்கார்ந்திருந்த சுகம் இருக்கிறதே! இப்போது பேரன் கைப்பேசியில் தட்டினால் நொடியில் அத்தனை இடமும் வரிசையாக வந்து நிற்கிறது. வழிதவற வழியே இல்லை. அவனுக்கு ‘அனான்’ என்றால் பேர் சொல்லாமல் திட்டுகிறவன். நான் சொன்ன பொருளைக் கேட்டுச் சிரித்தான்.

“சாப்பாடு ஆர்டர் பண்ணியே, எப்படா வரும்?” என்றேன்.

“எட்டு நிமிஷம்னு காட்டுது தாத்தா.”

அரைமணி நேரமாக அது எட்டு நிமிஷம்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.