வந்தாரை வாழவைக்கும் டிவி

நம் தொலைக்காட்சிகளின் பெருந்தன்மை, தேனிப் பக்கம் எங்கள் பொட்டிப்புரத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். 2006 தேர்தலில் சொன்னபடி கலைஞர் அரசு வீடு வீடாக வண்ண டிவி கொடுத்தது. பெட்டிதான் இலவசம், அதற்குள் வருகிறவர்களுக்கு விலை மதிப்பே கிடையாது.

தமிழை அவர்கள் வளர்க்கிற அழகை முதலில் சொல்லியாக வேண்டும். மும்பையிலிருந்து ஒரு நடிகை வந்து, "நான் தமில் கொஞ்சம் கொஞ்சம் பேசுது" என்கிறார். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. நடுவர் நெஞ்சில் கை வைத்து, "சோ ஸ்வீட்" என்று உருகுகிறார். வெள்ளைக்காரர் ஒருவர் "வணக்கம், சாம்பார் சூப்பர்" என்றுவிட்டால் போதும், பரிவட்டம் கட்டாததுதான் பாக்கி. அதற்காக எங்களை ஒதுக்குகிறார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தேனிக்காரனுக்கும் அதே மேடையில் இடம் உண்டு. அவன் வாயைத் திறந்து, "வெரசா வாங்கண்ணே, பொழுது போயிரும்" என்கிறான். வாக்கியம் முடிவதற்குள் சிரிப்புச் சத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். உடைந்த தமிழுக்குக் கைதட்டல், உடையாத தமிழுக்குச் சிரிப்பு! அல்லிநகரத்துப் பாரதிராஜா விவரம் தெரியாமல் 1977-இல் ‘16 வயதினிலே’ எடுத்து, கிராமத்துப் பேச்சை வைத்து ஜனங்களை அழவைத்துவிட்டார். அந்தப் பிழையை டிவிக்காரர்கள் திருத்திவிட்டார்கள்.

வெளிநாட்டவரை மேடையேற்றுகிற இந்த வித்தையில் ஜப்பான்காரர்கள் நமக்கு மூத்தவர்கள். ஆனால் பண்பு போதாது. 1998-லிருந்து சில வருஷம் அங்கே நடிகர் டகேஷி கிடானோ ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நூறு வெளிநாட்டவரை வரிசையாக உட்காரவைத்து, ஜப்பானியர்களிடம் என்னென்ன கோணல் என்று கேட்டு, வாதாட விட்டார். விருந்தாளியைக் கூப்பிட்டு வீட்டுக்காரனைத் திட்டச் சொல்வதா? நம் சேனல்களில் இந்த விபரீதம் நடக்காது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு இங்கே ஒரே கேள்விதான்: "தமிழ்நாடு பிடிச்சிருக்கா?" பிடிக்கவில்லை என்று சொல்ல வழியே இல்லாத கேள்வி. விருந்தோம்பல் என்றால் இதுதான்.

அதே 1998-இல் இன்னொரு ஜப்பான் சேனல், நசுபி என்கிற இளைஞரை ஓர் அறையில் துணியில்லாமல் அடைத்தது. பத்திரிகைப் போட்டிகளுக்கு அஞ்சலட்டை எழுதிப்போட்டு, விழுகிற பரிசை வைத்தே அவர் பிழைக்க வேண்டும். பத்து லட்சம் யென் மதிப்புக்குப் பரிசு சேர்ந்தால் விடுதலை. அவர் படுகிற பாட்டை வாராவாரம் நாடே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு மட்டும் தெரியாது. என்ன கொடுமை! நம்மவர்களோ ஒப்பந்தம் போட்டு, சம்பளம் பேசி, துணிமணியோடு அல்லவா அடைக்கிறார்கள்.

2017-இல் கமல்ஹாசன் கதவைத் திறந்து வைத்த ‘பிக் பாஸ்’ வீட்டைத்தான் சொல்கிறேன். சரக்கு டச்சுக்காரர்களுடையது, கண்ணீர் மட்டும் நம் சொந்தத் தயாரிப்பு. அதில் ‘ஃப்ரீஸ்’ என்று ஒரு விளையாட்டு உண்டு. பல வாரம் பிரிந்திருந்த பெற்ற தாய் உள்ளே வருவார். பிக் பாஸின் குரல் ‘ஃப்ரீஸ்’ என்று சொல்லியிருப்பதால் பிள்ளை நின்ற இடத்தில் சிலையாக நிற்க வேண்டும். அம்மா கன்னத்தைத் தடவுவார், முந்தானையால் துடைத்துவிடுவார். பிள்ளைக்குக் கண்ணில் நீர் வழியலாம். கை அசையக் கூடாது. கேமரா அந்தச் சொட்டு தாடைக்கு இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். அப்புறம் சோப்பு விளம்பரம். தாய்ப்பாசத்தை இத்தனை கச்சிதமாக நிறுத்தி அளந்து விற்ற நாகரிகம் உலகத்தில் வேறு உண்டா, தெரியவில்லை.

2019-இல் அந்த வீட்டுக்கு இலங்கையிலிருந்து லாஸ்லியா வந்தார், மலேசியாவிலிருந்து முகென் ராவ் வந்தார். லாஸ்லியாவின் இலங்கைத் தமிழை நாடே கொஞ்சியது. முகென் பட்டத்தையே வென்றார். இருவருக்கும் தகுதி உண்டு, சந்தோஷம். இதில் எனக்குப் புரிந்தது பூகோளம்தான்: சென்னைக்குக் கொழும்பும் கோலாலம்பூரும் பக்கம், போடி ரொம்பத் தூரம்.

வீரத்தையும் அவர்களிடம்தான் கற்றோம். 2021-இல் ஜீ தமிழ், நட்சத்திரங்களைச் சான்சிபார் தீவுக்கே கூட்டிப்போய் ‘சர்வைவர்’ நடத்தியது. அர்ஜுன் தொகுத்து வழங்கினார், பரிசு ஒரு கோடி. அரை வயிற்றுச் சோறு, கொசுக்கடி, மழை. பார்க்கவே மனசு பதறியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைப் பார்த்து "அய்யோ பாவம், பச்சப்பிள்ளைக" என்று உச்சுக்கொட்டிவிட்டு, விடியுமுன் எழுந்து தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு ஜீப்பில் நெருக்கி ஏறி, மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டக் கூலிக்குப் போவார்கள். அட்டைக்கடி, மழை எல்லாம் அங்கேயும் உண்டு, கேமராதான் இல்லை. அதனால் அது வீரத்தில் சேராது.

கோடி விளையாட்டு எங்கள் ஊருக்கும் ஒருமுறை வந்தது. 2015-இல் மத்திய அமைச்சரவை, நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. எங்கள் மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே ஐம்பதாயிரம் டன் இரும்பு. மைக்குகள் ஊருக்குள் வந்தன. ஆடு பத்திக்கொண்டு போன கிழவியை நிறுத்தி, "பாட்டி, நியூட்ரினோன்னா என்ன?" என்று கேட்டார்கள். நான்கு விடை கொடுக்கவில்லை, நண்பருக்குப் போன் போடும் வசதி இல்லை, பரிசும் கிடையாது. "அது எனக்கென்னய்யா தெரியும்? மலையில கம்பி போட்டு அடைச்சிட்டா ஆடு எங்கிட்டு மேயும், அதச் சொல்லு" என்றாள். பதில் தெரியாத பாட்டி என்பதோடு வெட்டிவிட்டார்கள். கேள்வி கேட்கிற வேலை மைக் பிடித்தவருடையது. அதை ஆட்டுக்காரி எடுத்துக்கொண்டால் நிகழ்ச்சி என்னாவது?

திட்டம் வேண்டாம் என்று 2022-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. ஆகவே சேனல்களுக்குப் பணிவான விண்ணப்பம்: அடுத்த பருவத்துக்குச் செட் போட எங்கள் மலையடிவாரத்தைத் தருகிறோம், வாடகை வேண்டாம். மும்பையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் யாரை வேண்டுமானாலும் இறக்குங்கள். கம்பங்கூழ் நாங்கள் ஊற்றுகிறோம். நாங்கள் பேசும்போது மட்டும் திரைக்குக் கீழே தமிழில் எழுத்துப் போட்டுவிடுங்கள். வேலி போட்டால் ஆடு போகிற அளவுக்கு ஒரு சந்தும் விடுங்கள்.