பனியில் பிரைட் போடலாமா?

கே: பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் ரோடு இன்னும் மறைகிறதே, ஏன்? (குன்னூர்)

ப: பனிமூட்டம் முழுக்க நீர்த்துளிகள். நீங்கள் பாய்ச்சிய வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். டிம்மில் போங்கள். ரோடு கீழேதானே இருக்கிறது, ஆகாயத்துக்கு எதற்கு வெளிச்சம்?

கே: மஞ்சள் விளக்குதான் பனியைக் கிழிக்குமாமே? (சேலம்)

ப: பிரான்சில் 1993 வரை காருக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். கண்கூச்சம் கொஞ்சம் குறையலாம். ஆனால் பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது. மஞ்சள், வெள்ளை என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் சிதறடித்துவிடும். ஃபாக் லைட்டின் சூட்சுமமே வேறு: தாழ்வாக உட்கார்ந்து, வெளிச்சத்தை மேலே ஏறவிடாமல் அகலமாக விரிக்கும்.

கே: நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டினால் பாதுகாப்புதானே? (ஓசூர்)

ப: நிற்கிறீர்களா, போகிறீர்களா, திரும்பப் போகிறீர்களா? பின்னால் வருகிறவர் ஜோசியமா பார்ப்பார்? அது நின்றுபோன வண்டிக்கு உரியது.

கே: 30 மீட்டர் வரை தெரிகிறது. 60-ல் போகலாமா? (திண்டுக்கல்)

ப: 60-ல் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். கால் பிரேக்குக்குப் போவதற்குள் பாதித் தூரம் காலி. மிச்சத்தில் வண்டி நிற்காது தம்பி, மோதும்.

கே: பட்டப்பகலில் என் ஸ்கூட்டர் ஹெட்லைட் எரிகிறது என்று ஊரே விரலை மடக்கி விரித்துக் காட்டுகிறது! (மதுரை)

ப: 2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலர்களில் அணைக்கிற சுவிட்சே கிடையாது. எதிரே வருகிறவர் உங்களைப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. சிரித்துவிட்டுப் போங்கள்.

கே: காரில் பகல் விளக்கு தானாகவே எரிகிறது. பனிக்கு அது போதாதா? (கொடைக்கானல்)

ப: ஒருமுறை இறங்கி வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பல கார்களில் அந்த விளக்கு முன்னால் மட்டும்தான், பின்னால் கும்மிருட்டு. இடிக்கிறவர் பின்னாலிருந்துதானே வருவார்? ஹெட்லைட் சுவிட்சைத் திருப்புங்கள், டெயில் லைட்டும் சேர்ந்து எரியும்.

கே: மலைப்பாதையில் யாருக்கு முதல் வழி? (ஏற்காடு)

ப: ஏறி வருகிறவருக்கு. குறுகிய பாதையில் சட்டமும் அதுதான்.

கே: முன் கண்ணாடியில் ஆவி படிந்தால்? (வால்பாறை)

ப: உள்ளே படிந்தால் ஏசி காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், ஈரத்தை வாங்கிவிடும். வெளியே படிந்தால் வைப்பரைப் போட்டு, ஏசி குளிரைக் குறையுங்கள். ஓட்டிக்கொண்டே துணியால் துடைக்கிற வித்தை வேண்டாம்.

கே: போகி காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டும். எந்த லைட் போடலாம்? (சென்னை)

ப: 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்களையே தாமதப்படுத்தின. ஓடுபாதை நெடுக விளக்கு வைத்திருக்கிறவர்களே காத்திருந்தார்கள். நீங்களும் ஒரு காபி குடித்துவிட்டு வெயில் ஏறியதும் புறப்படுங்கள். டயர் கொளுத்துகிறவர்களைத் திட்டிக்கொண்டே குடிக்கலாம்.

கே: மார்கழி விடிகாலையில் கரும்பு டிராக்டர் முன்னால் போவதே தெரியவில்லை. (விழுப்புரம்)

ப: தெரியாது. டிரெய்லருக்குப் பின்னால் தோகை தொங்கி, இருக்கிற ஒரே சிவப்பு ரிஃப்ளெக்டரையும் மூடிவிடுகிறது. டெயில் லைட் வயர் எப்போதோ அறுந்து, முடிச்சுப் போட்டபடி ஆடுகிறது. கார்காரர் பிரேக்கில் கால் வைக்கும்போது கரும்பு நுனி கண்ணாடிக்கு நேரே நிற்கிறது. டிராக்டர் ஓட்டும் அண்ணன்மாரே, லோடு ஏற்றியதும் பின்னால் போய் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தோகையைக் கழியுங்கள், ரிஃப்ளெக்டரில் சேற்றைத் துடையுங்கள், அந்த வயரை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.