காய்ஞ்ச கோழிக்குத்தான் கிரீம் வேணும்

வா பேராண்டி, இப்பிடிக் குந்து. சிறுசேரி சிப்காட்ல கம்ப்யூட்டர் தட்டுற கைக்கு இன்னிக்கு லீவா? உன் வூட்டுப் பக்கமிருந்து மசாலா வாசனை தூக்குதேன்னுதான் கூப்புட்டன். இன்னாது, சிக்கன் கோஃப்தாவா? கிரீம் கிரேவியில போடப் போறியா? போடு ராசா, தாராளமா போடு. ஒரு பாக்கெட்டு பத்தலேன்னா இன்னொண்ணு வாங்கியா. உருண்டை எப்பிடி வந்தாலும் கிரீம் மூடிக்கும்.

அந்த வேலைக்குன்னே பொறந்த குழம்புடா அது. தில்லி மோதி மகால் ஓட்டல்ல இன்னா கதை சொல்றாங்க? தந்தூரி அடுப்புல சுட்ட கோழி விக்காம கெடந்து காய்ஞ்சு போவுதேன்னு தக்காளி, வெண்ணெய், கிரீம் சேத்துக் குழம்பு வெச்சு அதுல முக்கினாங்களாம். அதான் பட்டர் சிக்கன். மிஞ்சின கோழிய காப்பாத்த வந்த குழம்புக்கு இப்ப அப்பன் யாருன்னு பஞ்சாயத்து. அந்த ஓட்டல் கூட்டாளிங்கள்ல ரெண்டு பேரு: ஒருத்தரு குந்தன்லால் குஜ்ரால், இன்னொருத்தரு குந்தன்லால் ஜக்கி. பேருலயே பாதி வம்பு. 2024 ஜனவரியில குஜ்ரால் வூட்டு ஆளுங்க, ஜக்கி வழி வந்த தரியாகஞ்ச் ஓட்டல் மேல தில்லி ஐகோர்ட்டுக்கே போயிட்டாங்க. நம்மூரு வரப்புச் சண்டை எவ்வளவோ தேவலாம். அங்கயாவது நடுவுல நெலம்னு ஒண்ணு இருக்கு.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. உன் உருண்டை இன்னும் காயவே இல்லியே, அதுக்குள்ள எதுக்கு வைத்தியம்?

உருண்டைய லேசா நெனைக்காத. ஸ்வீடன்காரங்க கறி உருண்டைய கிரீம் சாறுல போட்டுத் தின்னுட்டு, எங்க தேசத்துப் பண்டம்னு மார் தட்டிக்கினு இருந்தாங்க. 2018ல அந்த நாட்டோட ட்விட்டர் கணக்குலயே, இது எங்க ராசா பன்னெண்டாம் சார்லஸ் துருக்கியிலேருந்து கொண்டாந்த பக்குவம்னு ஒத்துக்கிட்டாங்க. நம்ம செட்டிநாட்டு ஆச்சிங்ககிட்ட போய் கோஃப்தான்னு சொல்லிப் பாரு, கோலா உருண்டை இருக்கச் சொல்ல உனக்கு இன்னா கொறைன்னு கேப்பாங்க. ஆட்டுக்கறி கைமாவுல தேங்காய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை சேத்து அரைச்சு உருட்டுற சமாச்சாரம். நீ இன்னாடான்னா வூட்டு டப்பாவுல பொட்டுக்கடலைய வெச்சிக்கினு, பிரெட்டுத் தூளு வேணும்னு ஓஎம்ஆர் பூரா சுத்துனியாமே. பெட்ரோல் காசுக்கு இன்னொரு கோழி வாங்கியிருக்கலாம்.

சரி, கைமாவுக்கு வா. கடையில இன்னா கேட்ட? நெஞ்சுக்கறியா? ஜிம்முக்குப் போற புள்ள, வேற எதைக் கேப்ப. நெஞ்சுல கொழுப்பு கெடையாது, வெந்தா வறண்டுடும். பாதியாச்சும் தொடைக்கறி கலக்கணும். அப்புறம் அரைச்ச கைமாவை வூட்டுக்குக் கொண்டாந்து குழாயடியில அலசினியாம், உன் பொண்டாட்டி சொன்னா. சுத்தக்காரன்! குடிச்ச தண்ணிய அது எங்க போய் கக்கும்? எண்ணெய்ச் சட்டியிலதான். பொட்டுப் பொட்டுனு வெடிச்சு உருண்டை பிரியும். நீ பயந்துபோய் மாவை மேல மேல கொட்டுவ, கடைசியில அது கோழி போண்டா. கறியா இருக்கச் சொல்லவே கழுவி, நல்லா வடியவுட்டு, அப்புறம் அரைக்கச் சொல்லு.

அடுத்தது உப்பு. இது நம்ம பரம்பரை சப்ஜெக்ட்டு. கோவளம் ரோட்டுல பைக்குல பறக்கச் சொல்ல பாத்தி பாத்தியா தெரியுதே உப்பளம், அதுல வெயில் காலம் பூரா வெந்தவன் நானு. காலு வெடிச்ச எடத்துல கழித் தண்ணி ஏறினா எப்பிடி எரியும்னு உன் ஏசி ரூமுக்குத் தெரியாது. அந்தக் கல்லுப்பை அப்பிடியே கைமாவுல போடாத. கரையறதுக்குள்ள உருட்டிடுவ. ஒரு கடி கரிக்கும், மறு கடி சப்புன்னு இருக்கும். நுணுக்கிப் போடு. அரைக் கிலோவுக்குத் தலை தட்டி ஒரு டீஸ்பூன். போட்டு ரெண்டு நிமிஷம் பெசைஞ்சா கறி தானே பசை வுடும், ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கும். உப்பு செய்யுற வேலை அது. பொட்டுக்கடலை மாவு ரெண்டு ஸ்பூன் போதும். ஜிம்முல இருக்கிறதா நெனைச்சிக்கினு அரை மணி நேரம் பெசையாத, கடிச்சா பல்லைத் திருப்பி அனுப்பும். பெசைஞ்சதை அரை மணி நேரம் பிரிட்ஜுல வை, உருட்டச் சொல்ல கையில ஒட்டாது.

உன் போனு "ருசிக்கேற்ப உப்பு"ன்னு சொல்லுதே, பச்சைக் கோழிய நாக்குல வெச்சா பாப்ப? மொதல்ல ஒரே ஒரு உருண்டைய உருட்டிப் பொரி. குழம்பு தொடாம அது தனியா ருசிக்கணும். ருசிச்சாத்தான் மத்ததை உருட்டணும், இல்லேன்னா உப்போ காரமோ சேத்துத் திரும்பப் பெசை. யாரு தின்னு பாக்குறதுன்னு நீ கவலைப்படாத, நான் இங்கதான் குந்தியிருக்கன். வயசாச்சா, ஒண்ணுல ருசி புடிபடாது. ரெண்டாப் பொரி.

குழம்புல வெங்காயம் நல்லா செவக்கணும், தக்காளி எண்ணெய் கக்கணும், முந்திரியும் கசகசாவும் அரைச்ச விழுது அதுலயே வேகணும். விழுது வெந்து கெட்டியா இருந்தா பின்னாடி வர்ற கிரீமைப் புடிச்சுக்கும். தவாவுல லேசா செவந்த உருண்டைங்களை மெல்லக் கொதிக்கிற குழம்புல வுட்டு, மூடிப் பத்து நிமிஷம். கரண்டி போடாத, சட்டியப் புடிச்சு ஆட்டு. ஆன்லைன்ல வாங்கின தெர்மாமீட்டர் சும்மாதான தூங்குது, ஒரு உருண்டையக் குத்திப் பாரு. நடுவுல 74 டிகிரி காட்டினா வெந்தாச்சு.

கிரீமைக் கொதிக்கிற தக்காளியில கொட்டினா புளிப்பும் சூடும் சேந்து அதைத் திரிய வெச்சிடும். உன் ஆயா தேங்காயோட மொதப் பாலை எப்ப ஊத்துவா? அடுப்பை அணைக்கிறப்ப. அதே நியாயம்தான் இதுக்கும். ஒரு கரண்டிக் குழம்பைக் கிரீம்ல கலந்து பதம் பண்ணி, தீயக் கொறைச்சு ஊத்து. கால் கப்பு போதும். கிரீமுக்குப் பதிலா அந்த மொதப் பாலையே ஊத்தினாலும் குழம்பு கோவிச்சுக்காது, உன் போனுதான் கோவிச்சுக்கும்.

எறக்கி வெச்சிட்டு நீ போய் குளிச்சிட்டு வா. அதுக்குள்ள உருண்டை சாறு குடிக்கும். அரைக் கிலோவுல எலுமிச்சை அளவுக்கு உருட்டினா பதினெட்டு வரும். வந்து எண்ணிக்கினு நிக்காத. கதவையும் தாழ்ப்பா போடாம வெச்சிட்டுப் போ, காத்து வரட்டும். கொறைஞ்சிருந்தா எதிர் வூட்டுப் பூனைய கேளு.