கிமோனோ ஆணா, பெண்ணா?

உலகச் சுங்கத்துறைகள் 1988 முதல் பின்பற்றும் சரக்குப் பட்டியலில் 62ஆம் அத்தியாயம் பின்னலாடை அல்லாத உடைகளுக்கானது. அதில் ஒரு குறிப்பு: முன்பக்கம் இடது மடிப்பு வலதின்மேல் படிந்தால் ஆணுடை; வலது இடதின்மேல் படிந்தால் பெண்ணுடை. சட்டைப் பொத்தானைப் பார்த்தே எழுதியவர்கள் ஜப்பான் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை போலும். அங்கே ஆணும் பெண்ணும் கிமோனோவின் இடதை மேலே போட்டுத்தான் உடுத்துகிறார்கள். வலதை மேலே போடுவது பிணத்துக்கு. ஆக, இந்த விதியின் கண்ணுக்குப் பெண்ணாகத் தெரிய ஜப்பானியப் பெண் முதலில் செத்தாக வேண்டும்!

நல்லவேளை, வெட்டே காட்டிக்கொடுத்தால் மடிப்பைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு விலக்கும் உண்டு. பெண்கள் கிமோனோவில் அக்குளுக்குக் கீழே ஒரு திறப்பு இருக்கும். மானத்தைக் காப்பது அந்த ஓட்டைதான். எதுவுமே பிடிபடாத உடை? அதைப் பெண்கள் கணக்கில் எழுதச் சொல்கிறது அதே குறிப்பு. வீட்டில் யாருடையது என்று தெரியாத வேலையெல்லாம் எங்கே போய்ச் சேருமோ, அங்கேயே.

நம் புடவைக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தியப் பட்டியலில் பட்டுப்புடவை 50ஆம் அத்தியாயத்தில் துணியோடு துணியாகக் கிடக்கிறது. அது உடையாவதெல்லாம் கட்டுகிறவள் பாடு.