ஈற்றெழுத்துப் புலவர்

லேப்டாப் வாங்க உத்தேசித்திருக்கிறோம் என்னும் செய்தி நம் வாசற்படியைத் தாண்டுமுன்பே படியேறி வந்துவிடுகிறவர் அவர். கொடுத்த காபியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மேசைமேல் கிடக்கும் விலைப்பட்டியலை எடுத்து, விலை, எடை, நிறம் முதலிய லௌகிக விஷயங்களையெல்லாம் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பிராசசர் பெயரின் கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை எழுத்தை மட்டும், ஏட்டுச் சுவடியில் பாடபேதம் தேடும் உரையாசிரியரைப் போல நெடுநேரம் உற்று நோக்குவார்.

"யு என்று முடிகிறது. சாது, 15 வாட். ஆனால் சார், நாளைக்குப் பாப்பா வீடியோ எடிட்டிங் பண்ணவேண்டி வந்தால்?"

பாப்பா என் அண்ணன் மகள். தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். வீடியோ எடிட்டிங் அவள் கனவிலும் இல்லாத காரியம். அவளுக்கு வேண்டியதெல்லாம், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக் பாயின்ட் உள்ள வகுப்பறையில் மாலைவரை அணையாதிருக்கும் ஒரு பெட்டி. இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் புலவர் அடுத்த எழுத்துக்குத் தாவியிருப்பார். எச் ஆனால் 45 வாட், பலசாலி, பெருந்தீனிக்காரன். எச்எக்ஸ் ஆனால் 55, சார்ஜரைச் சுமக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். இடையே பி என்று 28 வாட்டில் ஒரு வம்சம் உதித்து, இரண்டே தலைமுறையில் அஸ்தமித்தது. யு என்னும் சாதுவுக்கும் ஆவேசம் வந்தால் சில கணம் 55 வரை எகிறுவதுண்டு என்பது அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ரகசியம்.

2023 டிசம்பரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ராவில் எச் என்று முடிபவற்றிற் பலவும் 28 வாட்டுக்கு இறங்கிவிட்டபோது, வேறொருவராயிருந்தால் சாஸ்திரத்தையே கைவிட்டிருப்பார். இவரோ அதற்கெனப் புறனடைச் சூத்திரம் ஒன்று வகுத்துக்கொண்டு, ரைசன் பிராசசர்களின் பக்கம் திரும்பிவிட்டார். அங்கே ஈற்றெழுத்து மட்டும் போதாது. 7520யு என்பதன் முதலில் நிற்கும் 7-ஐக் கண்டு புதுச் சரக்கென்று மயங்கலாகாது. மூன்றாம் இலக்கம் 2 ஆதலால், உள்ளே இருப்பது 2019-இல் பிறந்த சென் 2 வம்சமே என்று அவர் விண்டுரைக்கையில், ஏமாற இருந்த ஒரு கிருகஸ்தனைத் தடுத்தாட்கொண்ட திருப்தி அவர் முகத்தில் பிரகாசிக்கும். இவ்விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. ஒரு பொருளின் வயதை அறிய அதன் பெயருக்குப் பதவுரை வேண்டியிருப்பது யார் குற்றம்? ஒரே பிராசசரை ஒரு கம்பெனி மெல்லிய பெட்டியில் அடைத்துக் குறைந்த வாட்டிலும், இன்னொரு கம்பெனி இரண்டு விசிறி வைத்துக் கூடுதல் வாட்டிலும் ஓட்டுகின்றன. அந்த எண்ணை விலைப்பட்டியலில் போடுவார் அநேகமாக இல்லை.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இவ்வியாக்கியானத்தில் கழிந்தபின், செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில், "படிக்க, எழுத என்றால் எந்தப் பிராசசரும் பாதி நேரம் தூங்கும் சார். பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் திரைதான். 50 வாட்-அவர் பேட்டரி, மொத்தச் செலவு 5 வாட் என்றால் 10 மணி நேரம்" என்றார். இதை முதல் ஞாயிறன்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

அடுத்த வாரம் பாப்பா தானே போய் ஒன்றை வாங்கி வந்தாள். வந்ததும் முதற்காரியமாக அதிலிருந்த ஸ்டிக்கர்களையெல்லாம் உரித்தெறிந்தாள். புலவர் வந்தார். ஸ்டிக்கர் இருந்த இடத்துப் பிசின் தடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. திரையின் வெளிச்சத்தை இரண்டு படி இறக்கிவைத்துவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.