வினைமுற்று வரும் வரை

‘நாயை மனிதன் கடித்தான்.’ இலக்கணப்படி இதில் ஐயத்துக்கே இடமில்லை. கடிபட்டது எது என்பதை ‘ஐ’ உருபு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் கேட்பவர் உருபை மட்டுமா நம்புகிறார்? ஊர் நாய்களைப் பற்றிய தன் அனுபவத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார். ஆங்கிலத்தில் இதே கடியைச் செயப்பாட்டு வினையில் சொல்லி, கடித்தது யார் என்று மாணவர்களைக் கேட்டுப் பார்த்தார் உளமொழியியலாளர் ஃபெர்னாண்டா ஃபெரெய்ரா. பலமுறை பழி நாயின் மேலேயே விழுந்தது. 2003இல் வெளியான ஆய்வு அது. மூளை ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசிவரை பிரித்து மேய்வதில்லை, ‘இவ்வளவு புரிந்தால் போதும்’ என்று நகர்ந்துவிடுகிறது என்பது அவர் கட்சி. (நாய்களின் கட்சியை யாரும் கேட்கவில்லை.)

நம் சுற்றறிக்கை எழுத்தர்களுக்கு இந்த ஆய்வெல்லாம் எதற்கு? அவர்களுடையது பரம்பரை ஞானம். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வரும்? ‘மேற்படி ஊழியர்களுக்கு நிலுவையிலுள்ள அகவிலைப்படியைப் பண்டிகைக்கு முன்பாக ஒரே தவணையில் ரொக்கமாக வழங்கக் கோரும் விண்ணப்பங்களை’ என்பதுவரை படித்தவர், மனத்துக்குள் பட்டுப்புடவையே எடுத்து முடித்திருப்பார். ‘பரிசீலிக்க இயலாது’ என்பது பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். திருப்புகிறவர் யார்?

மேடைப் பேச்சாளர் இன்னும் கெட்டிக்காரர். எழுவாயும் செயப்படுபொருளும் வந்தவுடனேயே கைதட்டல் வாங்கிவிடுகிறார்; அதற்குப் பிறகு வாக்கியத்தை முடிக்க வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை.